அட்டவணையில் ஒரு காலிக் கட்டம்: மும்பைத் தமிழர் வீடுகளும் மின்பளுக் கணக்கும்

 

மும்பைத் தமிழர் மின்கட்டணச் சீட்டை ‘லைட் பில்’ என்பர். மின்சாரம் நின்றுபோனால் ‘லைட் போச்சு’ என்பர். தமிழ்நாட்டில் அவற்றுக்குக் ‘கரண்ட் பில்’, ‘கரண்ட் போச்சு’ என்பவையே வழக்கு. மராத்தியிலும் குஜராத்தியிலும் ‘லைட் பில்’ என்ற வழக்கு இருப்பதால், அண்டைமொழித் தொடர்பால் வந்த சொல் என்று சொல்லி மொழியியல் மாணவர் நகர்ந்துவிடலாம். ஆனால், நாள் முழுவதும் எட்டுத் தையல் இயந்திரங்கள் ஓடும் தாராவி அறையிலும் அந்தச் சீட்டின் பெயர் ‘லைட் பில்’தான் என்பதைக் கவனிக்கும்போது, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தேடத் தோன்றுகிறது.

அந்தக் கணக்கின் பெயர் மின்பளுக் கணக்கு. ஒரு கட்டடத்தில் எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, எத்தனை மோட்டார் என்று எண்ணி, அவற்றில் எவ்வளவு ஒரே நேரத்தில் இயங்கும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்பக் கம்பியின் தடிமனையும் பகிர்வுப் பெட்டியின் அளவையும் முடிவு செய்யும் கணக்கு. மின்பணியாளர் அந்தப் பெட்டியை ‘டிபி’ என்பார். கணக்கு வெறும் கூட்டலும் பெருக்கலுமாகத் தோன்றும். உண்மையில் அதனுள் ‘வீடு என்றால் என்ன, அதில் மனிதர் என்ன செய்வர்’ என்ற ஒரு முன்முடிவு அடங்கியிருக்கிறது. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று தமிழ்க் குடியிருப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த முன்முடிவு யாருக்குப் பொருந்துகிறது, யாரைக் கைவிடுகிறது என்பது புலப்படும்.

விளக்கும் விசையும்: இரு வழிகள்

1882ஆம் ஆண்டு பம்பாயின் கிராஃபோர்டு சந்தையில் மின்விளக்கு எரிந்தது. அந்த முயற்சி நீடிக்கவில்லை. பொறுப்பேற்ற நிறுவனம் விரைவில் நொடித்துப்போக, சந்தை மீண்டும் எரிவாயு விளக்குக்குத் திரும்பியது. அதே 1882இல் இலண்டனில் மின்கம்பி அமைப்புக்கான முதல் விதித்தொகுப்பு வெளியாயிற்று. அதன் தலைப்பின் பொருள், ‘மின்விளக்கினால் நேரும் தீ அபாயங்களைத் தடுப்பதற்கான விதிகள்’ என்பது. மின்சாரம் என்றால் விளக்கு, விதி என்றால் தீத்தடுப்பு. இவ்விரு எண்ணங்களும் ஒன்றாகவே பிறந்தன. இந்தியாவில் இன்று வழங்கும் வீட்டு வயரிங் விதிகள் பலவற்றின் மூதாதை அந்தச் சிறு தொகுப்பே.

1905இல் பம்பாய் மின்விநியோக, டிராம் நிறுவனம் தோன்றியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே இன்றைய ‘பெஸ்ட்’. 1907 மே 7 அன்று நகரில் மின்டிராம் ஓடியது. 1915இல் கொப்போலியிலிருந்து டாடாவின் நீர்மின்சாரம் வந்து பருத்தி ஆலைகளின் நீராவி எந்திரங்களுக்கு மாற்றாயிற்று. ஆக, முதல் இருபதாண்டுகளுக்குள் நகரில் மின்சாரம் இரு வழிகளில் பிரிந்து ஓடத் தொடங்கிவிட்டது. ஆலைக்கும் டிராமுக்கும் சென்றது விசை. வீட்டுக்கும் தெருவுக்கும் சென்றது விளக்கு. இரண்டுக்கும் கட்டணம் வேறு, கம்பி வேறு, கணக்கு வேறு. ‘லைட் பில்’ என்ற சொல் அந்தப் பிரிவினையின் எச்சம் என்பது என் ஊகம். டிராம் 1964 மார்ச் 31 அன்று நின்றுபோன பின்னும் அதன் முடிவிடம் ‘தாதர் டிடி’ என்ற பெயரில் வாழ்கிறதல்லவா, அதுபோலத்தான்.

சேர்ந்து எரியாதவற்றின் கணக்கு

தொடக்ககால மின்நிறுவனங்களுக்கு ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றப்படும். அந்த மூன்று நான்கு மணிநேரத்துக்காகப் பெரிய எந்திரங்களை நிறுவ வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அவை சும்மா கிடக்கும். 1891இல் ஆங்கிலப் பொறியாளர் கிராம்ப்டன் இந்நிலையை அளக்க ஒரு விகிதத்தைப் பயன்படுத்தினார். சராசரிப் பளுவை உச்சப் பளுவால் வகுத்தால் கிடைப்பது அது. மறுஆண்டு ஜான் ஹாப்கின்சன், நுகர்வோர் எத்தனை அலகு செலவழித்தார் என்பதோடு எவ்வளவு உச்சமாகக் கேட்டார் என்பதற்கும் கட்டணம் வேண்டும் என்று வாதிட்டார். பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட் அந்த உச்சத்தைப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். சிகாகோவில் சாமுவேல் இன்சலின் நிறுவனம் அடுத்த உண்மையைப் பிடித்துக்கொண்டது: ஒவ்வொரு நுகர்வோருக்கும் ஓர் உச்சம் உண்டு, ஆனால் எல்லோருடைய உச்சமும் ஒரே நொடியில் வருவதில்லை. தனித்தனி உச்சங்களின் கூட்டுத்தொகையை எல்லோரும் சேர்ந்து எட்டும் உண்மையான உச்சத்தால் வகுத்தால் வருவது பன்மைக் காரணி.

இந்தக் காரணி இல்லாவிட்டால் எந்த நகரத்துக்கும் மின்சாரம் கட்டுப்படியாகாது. நூறு வீட்டின் எல்லா ஸ்விட்சுகளும் ஒரே நேரத்தில் போடப்படும் என்று கணக்கிட்டால் கேபிளுக்கே சொத்தை விற்க வேண்டும். ஆகவே குறைத்துக் கணக்கிடுவது நியாயமே. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் வாழ்க்கை பற்றிய முன்முடிவு உள்ளே வருகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக்கால மின்நிறுவனங்கள் மிகவும் விரும்பித் தேடியது பகல்நேரப் பளுவை. டிராமையும் ஆலை மோட்டாரையும் குறைந்த கட்டணம் காட்டி அவை அழைத்ததற்குக் காரணம், மாலை விளக்குக்காக நிறுவிய எந்திரத்துக்குப் பகலிலும் வேலை வேண்டும் என்பதே. இதைத் தாராவிக்கு வரும்போது மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

மாட்டுங்கா: விதி எதிர்பார்த்த வீடு

மத்திய ரயில்பாதைக்குக் கிழக்கே உள்ள தாதர், மாட்டுங்கா பகுதிகள், பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கியவை. வட்டச் சாலைகள், மரங்கள், மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சமையலறையும் குளியலறையும். நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இந்த அடுக்ககங்களும் ‘தென்னிந்தியர்’ என்ற பம்பாய் அடையாளமும் சேர்ந்தே உருவானதை விரிவாக எழுதியுள்ளார். எழுத்தர், தட்டச்சர், கணக்கர் ஆகியோர் காலையில் ரயிலேறிக் கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குச் சென்று மாலையில் திரும்பினர். தொழில் ஓரிடத்தில், குடும்பம் வேறோரிடத்தில்.

அத்தகைய வீட்டின் மின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். மாடிப்படியின் கீழே மீட்டர் அறை. வீட்டு வாசலில் ஓர் இரும்புறை மெயின் ஸ்விட்ச். அதனருகே மரப்பலகையில் வரிசையாகப் பீங்கான் பீஸ் கட்டைகள். அங்கிருந்து தேக்குச் சட்டத்துக்குள் ஓடும் கம்பிகள். ஐந்து ஆம்பியர் சுற்று விளக்குக்கும் விசிறிக்கும், பதினைந்து ஆம்பியர் சுற்று இஸ்திரிப்பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும். 1934இல் பிரிட்டன் தரப்படுத்திய உருண்டைக்கால் பிளக்குகளின் இந்த 5, 15 என்ற பிரிவு, பிரிட்டனே 1947இல் சதுரக்காலுக்கு மாறிய பின்னும் இந்தியாவில் நிலைத்தது. இன்று அவற்றை 6, 16 என்கிறோம். ‘லைட் பாயின்ட்’, ‘பவர் பாயின்ட்’ என்று நாம் சொல்லும்போது ஆலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பழைய பிரிவினை ஒரே சுவருக்குள் சிறிய அளவில் திரும்ப வருகிறது.

இந்தியத் தரநிலையான ஐஎஸ் 732உம், 1985இல் முதன்முதலாக வெளிவந்த தேசிய மின் நெறித்தொகுப்பும் இந்த வீட்டைத்தான் எண்களாக எழுதின. விவரம் தெரியாதவிடத்து விளக்குக்கு 60 வாட், விசிறிக்கு 60, ஆறு ஆம்பியர் சாக்கெட்டுக்கு 100, பதினாறு ஆம்பியர் சாக்கெட்டுக்கு 1000 என்று கொள்ளலாம். விளக்கும் விசிறியும் சேர்ந்த ஒரு சுற்றில் பத்துப் புள்ளிகளுக்கு மேல் கூடாது, 800 வாட்டுக்கு மேலும் கூடாது. பவர் சுற்று ஒன்றில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு மேல் கூடாது. பல்லாண்டு அனுபவத்தில் விளைந்த எளிய, நல்ல விதிகள் இவை. மாட்டுங்கா எழுத்தரின் வீடு இவற்றுக்குள் பிசகாமல் அடங்கும்.

பெட்டியின் ஒழுங்கு

பகிர்வுப் பெட்டி செய்யும் வேலை ஒன்றே: எங்கே பிழை நேர்கிறதோ அங்கே மட்டும் மின்சாரத்தைத் துண்டிப்பது. தெருவில் பெரிய பீஸ், கட்டடத்தில் அதைவிடச் சிறியது, வீட்டில் இன்னும் சிறியது, சுற்றில் எல்லாவற்றையும்விடச் சிறியது. மின்விசிறியில் பழுது வந்தால் விசிறியின் சுற்று மட்டும் அணைய வேண்டும், தெரு அணையக் கூடாது. இந்தப் படிநிலை காக்கப்பட வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. கம்பி தாங்கும் அளவைவிடப் பீஸ் தாங்கும் அளவு குறைவாக இருக்க வேண்டும்.

பீஸ் கட்டையில் ஐந்து ஆம்பியருக்கு இடும் கம்பி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமன், பதினைந்துக்கு ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர். அடிக்கடி பீஸ் போகிறது என்று எரிச்சலுற்று ஒருவர் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றிவிட்டால் பீஸ் போவது நிற்கும். பளு குறையாது. அப்போது உருகும் பொறுப்பு பீஸிலிருந்து சுவருக்குள் இருக்கும் கம்பிக்கு மாறிவிடுகிறது. 1924இல் ஜெர்மனியில் ஹூகோ ஷ்டோட்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற தானியங்கிச் சிறு முறிப்பான்தான் இன்று நாம் எம்சிபி என்று அழைப்பதன் முன்னோடி. அது இந்தத் தடித்த கம்பி வித்தையை ஓரளவு தடுத்தது. ஆனால் 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டுவதை எந்தக் காப்புரிமையும் தடுக்க முடியாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், ‘அறியாமை’ என்ற விடை எளிதில் வரும். பீஸ் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம், கணக்கிட்டவர் எதிர்பார்த்த வாழ்க்கைக்கும் நடக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான வேறுபாடு என்பதை அந்த விடை மறைத்துவிடுகிறது.

செம்பூர்: பிரிவினையின் முழுவடிவம்

சயான் தாண்டிக் கிழக்கே சென்றால் செம்பூர். அங்கே மின்சாரத்தின் உரிமையாளர் வேறு. பெஸ்டின் விநியோகப் பகுதி கொலாபாவிலிருந்து சயான், மாகிம் வரையே. புறநகருக்கென 1929இல் பம்பாய் புறநகர் மின்விநியோக நிறுவனம் தோன்றியது. 1947 ஆகஸ்டு 7 அன்று பெஸ்ட் மாநகராட்சியின் உடைமையாயிற்று. பின்னர் செம்பூர் உள்ளிட்ட புறநகர் மாநகராட்சிக்குள் வந்தபோதும், மின்விநியோகத்தின் எல்லைக்கோடு நகரவில்லை. புறநகர் நிறுவனம் பின்னாளில் ரிலையன்ஸ் கைக்கும், 2018இல் அதானி கைக்கும் மாறியது. ஒரே மாநகராட்சிக்கு வரி செலுத்தும் மாட்டுங்காக்காரரும் செம்பூர்க்காரரும் இருவேறு நிறுவனங்களிடமிருந்து மின்சாரம் பெறுவதற்கு இதுவே காரணம்.

செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1956இல் டாடாவின் அனல்மின் நிலையம் வந்தது. அணு ஆய்வு மையமும் உரத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றில் பணிபுரிந்த தமிழர் பலர் செம்பூரில் குடியேறினர். மாட்டுங்காவில் தொடங்கிய பிரிவினை இங்கே முழுவடிவம் பெற்றது. தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு மோட்டாரின் பெயரும் ஆற்றலும் தொடக்க மின்னோட்டமும் எழுதப்பட்ட பளுப்பட்டியல் உண்டு. அதைத் தயாரிக்கவும் ஆண்டுதோறும் சரிபார்க்கவும் பொறியாளர் உண்டு. வீட்டிலோ அறுபது வாட் விளக்கும் விசிறியும். மாலையில் பொறியாளர் வீடு திரும்பியதும் விசையின் உலகிலிருந்து விளக்கின் உலகுக்கு வந்துவிடுவார்.

இன்று இவ்விரு பகுதிகளிலும் பழைய கணக்கு மீறப்பட்டுவிட்டது. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்றே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும். வெந்நீர்க் கருவி இரண்டு கிலோவாட். விளக்குக்கும் விசிறிக்கும் எனக் கட்டிய வீட்டில் இவை அறைக்கு ஒன்றாக வந்துவிட்டன. ஆனாலும் அங்கே ஒரு வழி இருக்கிறது. வீட்டுவசதிச் சங்கம் கூடும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் புதிய பளுப்பட்டியல் தருவார், நிறுவனத்திடம் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தக் கேட்பார்கள், மாடிகளுக்கு ஏறும் மெயின் கேபிள் மாற்றப்படும். பத்திரமும் சங்கமும் உள்ளவர்க்குக் கணக்கைத் திருத்தும் வாய்ப்பு உண்டு.

தாராவி: கட்டம் இல்லாத வீடு

ரயில்பாதையின் மேற்கே தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் தோல் பதனிடும் தொழிலில் வேரூன்றிய இடம். பின்னர் தோல்பொருள், ஆயத்த ஆடை, மறுசுழற்சி, தின்பண்டம் எனத் தொழில்கள் பெருகின. நகரெங்கும் காலையில் விற்கும் இட்லிக்கு இங்கேதான் பல குடும்பங்கள் இரவெல்லாம் மாவரைக்கின்றன. டாடாவின் தாராவி மின்நிலையத்தின் அஞ்சல் முகவரியில் தாராவி, மாட்டுங்கா என்ற இரு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. நகருக்கு வரும் மின்சாரம் இந்த நிலத்தின் வழியாகவும் வருகிறது.

தாராவியில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ். கீழே பட்டறை, மேலே குடும்பம். அல்லது பகலில் பட்டறையாகவும் இரவில் படுக்கையறையாகவும் இருக்கும் ஒரே அறை. இதற்குப் பளு கணக்கிட அமர்ந்தால், நெறித்தொகுப்பின் பன்மை அட்டவணை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பிரிட்டன் விதிகளிலிருந்து வந்த அந்த அட்டவணையில் கட்டட வகைக்கு ஒரு நிரல். தனிவீடு என்றால் விளக்குப் பளுவில் 66 விழுக்காடு கொள்ளலாம். சிறுகடை, அலுவலகம் என்றால் 90 விழுக்காடு. மோட்டார் என்ற வரியில் கடைக்கான விதி உண்டு: பெரிய மோட்டாரை முழுமையாகவும், அடுத்ததில் 80 விழுக்காடும், மற்றவற்றில் 60 விழுக்காடும் கொள்க. அதே வரியில் தனிவீட்டுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. வீட்டில் எண்ணத்தக்க மோட்டார் இருக்கும் என்று அட்டவணை வகுத்தவர் கருதவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. மேலே வீடு: நான்கு விளக்கு, இரண்டு விசிறி, நான்கு சிறு சாக்கெட், ஒரு பவர் சாக்கெட். விதிப்படி 1760 வாட். கீழே தையற்பட்டறை: ஆறு குழல்விளக்கு, நான்கு விசிறி, 400 வாட் மோட்டாருடன் எட்டு இயந்திரங்கள், ஆயிரம் வாட் இஸ்திரி இரண்டு. 5740 வாட். மொத்தம் 7500 வாட்.

இதை ‘தனிவீடு’ என்ற நிரலில் இடுவோம். விளக்கு, விசிறி, சிறு சாக்கெட் ஆகியவற்றில் 66 விழுக்காடு. மோட்டாருக்கு இடமில்லாததால் அவற்றையும் ‘சூடேற்றலும் விசையும்’ என்ற வரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே வீட்டுக்கான விதி, முதல் 10 ஆம்பியர் முழுமையாகவும் எஞ்சியதில் பாதியும். 230 வோல்ட்டில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 22 ஆம்பியர் வருகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நடப்பது வேறு. கீழே எல்லா இயந்திரங்களும் இஸ்திரியும் ஓடுகின்றன. மேலே பவர் சாக்கெட்டில் சமையல் கருவியும், இரண்டு விசிறிகளும். ஏறத்தாழ 30 ஆம்பியர். மோட்டார்களின் திறன் காரணியையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

22க்கும் 30க்கும் இடைவெளி சிறிது என்று தோன்றலாம். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. 30ஐ 22ஆல் வகுத்து இருமடி எடுத்தால் ஏறத்தாழ 1.9. கணக்கிட்ட வெப்பத்தைப்போல இருமடங்கை அந்தக் கம்பி நாள்தோறும் பத்து மணிநேரம் தாங்க வேண்டும். சாதாரண பிவிசி உறை 70 பாகை செல்சியசு வரை நெடுநாள் உழைக்க வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் அது மெல்ல மெல்லக் கடினமாகி, வெடித்து, ஒருநாள் இரு கம்பிகளையும் தொடவிடும். அன்று தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று வரும். ஆண்டுக்கணக்கில் நடந்ததை ஒரு நொடியில் நடந்ததாகக் காட்டும் சொல் அது. கம்பிகள் தொட்டன என்று சொல்லும். ஏன் தொட்டன என்று சொல்லாது.

பழைய கிளட்ச் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், தைக்காத நேரத்திலும் சுழன்றுகொண்டே இருக்கும். எட்டில் நான்கு பேர் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் எட்டு மோட்டார்களும் மின்னோட்டம் இழுக்கும். கடைக்கான 60 விழுக்காட்டு விதிகூட இங்கே தளர்வானதே. மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டார் இந்த வீணைக் குறைக்கிறது. ஆனால் அதை வாங்க முதல் வேண்டும்.

சட்டம் அறிந்ததும் அறியாததும்

சட்டம் தாராவியை அறவே மறந்துவிட்டது என்று சொல்ல இயலாது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 43ஆம் பிரிவில், இடத்தின் உரிமையாளர் அல்லது அங்கே இருப்பவர் விண்ணப்பித்தால் மின்சாரம் தரவேண்டும் என்கிறது. ‘இருப்பவர்’ என்ற ஒரு சொல் பட்டா இல்லாத கோடிக்கணக்கானோருக்குக் கதவைத் திறந்தது. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளோ, வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்வோர் மாதம் 300 அலகுக்கும் ஆண்டுக்கு 3600 அலகுக்கும் மிகாமல் செலவழித்தால் வீட்டுக் கட்டணமே போதும் என்று இடம் தந்துள்ளன. 400 வாட் இயந்திரங்கள் மூன்று, நாளுக்கு 8 மணிநேரம், மாதம் 25 நாள் முழு ஆற்றலில் ஓடினால் 240 அலகு. ஆக, மூன்று இயந்திரம் வரை அது வீடு. நான்காவது இயந்திரம் ஓடத் தொடங்கினால் 320. வீடு வேறொன்றாகிவிடுகிறது.

இந்த எல்லையில்தான் அச்சம் தொடங்குகிறது. அனுமதிக்கப்பட்ட பளுவை மீறிப் பயன்படுத்துவதும் 126ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சீதாராம் அரிசி ஆலை வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின், உண்மைப் பளுவைச் சொன்னால் கட்டணம் உயரும், சொல்லாவிட்டால் தண்டம் வரும் என்ற நிலையில் சிறுபட்டறைக்காரர் பலர் பேசாதிருப்பதையே தேர்கின்றனர். பேசாதிருப்பதன் விலை கட்டணத்தோடு முடிவதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறை, மின்கசிவுத் துண்டிப்பானைக் கட்டாயமாக்கியபோது, 250 வோல்ட்டுக்கு மிகாத, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த நிறுவல்களுக்கு விலக்களித்தது. நம் எடுத்துக்காட்டுப் பட்டறை 7.5 கிலோவாட். காகிதத்தில் அது 3 கிலோவாட் வீடு என்றால், அந்த விதிமுறையின்படி உயிர்காக்கும் கருவி அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. இரும்பு மேசைகளும் ஈரத்தரையும் உள்ள இடத்தில் ஒரு பொய் எண் இப்படித்தான் உடலைத் தொடுகிறது.

இங்கே, முன்பு ஒத்திவைத்த செய்திக்கு வருவோம். நூறாண்டுக்கு முன் மின்நிறுவனங்கள் தேடி அலைந்த பகல்நேரப் பளு இதுவல்லவா? இட்லி மாவு இரவின் பின்பாதியில் அரைபடுகிறது. தையல் பகலில் ஓடுகிறது. வீட்டுவிளக்கு மாலையில் எரிகிறது. ஓர் அறைக்குள் பன்மை குறைவாக இருக்கலாம், ஆனால் தெருவளவில் தொழிலுக்குத் தொழில் உச்சநேரம் மாறுவதால் பன்மை மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. கிராம்ப்டனின் விகிதம் இங்கே நன்றாகவே அமையும். அறைக்குத் தடித்த கம்பியும் சரியான பெட்டியும் தந்தால், தெருவின் மின்மாற்றிக்கு அதே அளவு சுமை கூடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அளந்து பார்த்தால் தெரியும். பொறியாளர் போற்ற வேண்டிய நுகர்வோரை, விதியோ மீறுவோர் பட்டியலில் வைத்திருக்கிறது.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. தகுதியுள்ள குடியிருப்போருக்குக் குறைந்தது 350 சதுர அடியில், தனிச் சமையலறையும் கழிப்பறையும் கொண்ட வீடு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. யார் தகுதியுடையவர், எத்தனை சதுர அடி, எந்த இடம் என்ற கேள்விகள் பொதுவெளியில் நடக்கின்றன. நடக்கவும் வேண்டும். அவற்றோடு இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு: அந்த 350 சதுர அடிக்கு எத்தனை கிலோவாட்?

அந்த எண் கட்டடம் எழும்முன் ஒருமுறை முடிவாகிவிடும். மாடிக்கு மாடி ஏறும் கேபிள், தளத்துக்கொரு பெட்டி, கீழே மின்மாற்றிக்கு ஒதுக்கும் அறை ஆகிய எல்லாம் அதிலிருந்தே பிறக்கும். பிறகு மாற்றுவது சுவரை உடைப்பதற்குச் சமம். மாட்டுங்கா எழுத்தரின் வீட்டை மனத்தில் வைத்துத் ‘தனிவீடு’ நிரலிலிருந்து எண்ணை எடுத்தால், எந்தத் தடையாணையும் இன்றியே வீட்டுத்தொழில் அங்கே இயலாததாகிவிடும். பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் மாவரைப்பும் தையலும் முதலில் போகும். அல்லது, தொழில் எப்படியாவது தொடரும், 16 இருந்த இடத்தில் 32 மாட்டப்படும், பழைய அபாயம் இருபது மாடி உயரத்துக்கு ஏறும். குறுகிய சந்தில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாதது இன்றைய துயரம் என்றால், மாடிப்படி வழியாகப் புகை ஏறுவது நாளைய துயரமாகக் கூடாது.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. கணக்கெடுப்புப் படிவத்தில் எத்தனை பேர், எத்தனை அடி என்பதோடு எத்தனை மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எந்த நேரம் என்று மூன்று வரிகள் சேர்க்கலாம். அந்த விடையால் கட்டணம் உயராது, தண்டம் வராது என்ற உறுதியை எழுத்தில் தரலாம். அப்போதுதான் உண்மை வெளிவரும். தெருமுனை மின்மாற்றிகளில் ஓராண்டுக்கு மணிவாரியாகப் பளுவைப் பதிந்து உண்மையான பன்மைக் காரணியைக் கண்டறியலாம். வீட்டுப் பெட்டியில் விளக்குக்கும் தொழிலுக்கும் தனித்தனிச் சுற்றும், இரண்டுக்கும் மின்கசிவுத் துண்டிப்பானும் அமைக்கலாம். நெறித்தொகுப்பை அடுத்துத் திருத்தும்போது ‘தொழிலுடன் கூடிய வீடு’ என்று ஒரு நிரல் சேர்க்கலாம். அது தாராவிக்கு மட்டும் பயன்படாது. திருப்பூரின் வீட்டுத் தையலகங்களுக்கும், விசைத்தறி ஓடும் வீடுகளுக்கும், சிவகாசியின் சிறு அச்சகங்களுக்கும் அதே நிரல்தான் தேவை.

தமிழ்நாட்டு மின்வாரியப் படிவங்களில் ‘மின்பளு’ என்ற சொல் வழங்குகிறது. பளு என்பது ஒருவர் தூக்குவது. தூக்குபவரைக் கேட்காமல் அதன் எடையை எழுத முடியாது. மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் எழுதியபோது, தூக்குபவர் யாரென்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. தாராவிக்கான படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பும் உரிமை அங்கே நாள்தோறும் மோட்டாரை இயக்குபவர்க்கே உண்டு.